ஆயிரத்தளியில் ஒரு நந்தா விளக்கு

முற்காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு ஒன்று வைக்க வேண்டுமானால் தொண்ணூறு ஆடுகளோ தொண்ணூற்றாறு ஆடுகளோ தேவைப்பட்டன. பால் தயிராகி, தயிர் வெண்ணெயாகி, வெண்ணெய் நெய்யாகி, நாள்தோறும் ஓர் உழக்கு வீதம் சந்நிதிக்கு வந்து சேரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை அந்தத் திரி அணையாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அத்தகைய கல்வெட்டுகளை விரலால் தடவிப் படித்துப் பழகிய அம்பலவாணருக்கு, தாமும் ஒருநாள் நந்தா விளக்கு ஏற்ற வேண்டும் என்ற ஆசை இளமையிலேயே உண்டு. அந்த ஆசை நிறைவேறிய நாளில் அவர் குழாயடிக்குப் போய், இரண்டு கைகளையும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார்.

அவர் விளக்கேற்றிய இடம் கோயில் அன்று; கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடி. காலமும் நம்முடைய காலம் அன்று. இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தலை நரைத்துத் திரியப் போகும் காலம். அக்காலத்தில் ஆயிரத்தளி என்றொரு விளையாட்டு உலகெங்கும் பரவியிருந்தது. கணினிக்குள்ளேயே ஒரு நாடு. அந்நாட்டில் ஆளுக்கொரு கோயில். கோபுரம் எழுப்பலாம், குளம் வெட்டலாம், தேர் இழுக்கலாம். ஆனால் எவ்வளவு பெரிய கோயிலாயினும், உள்ளே விளக்கு எரிந்தால்தான் அதற்கு மதிப்பு. அந்த விளக்கைக் கட்டிடம்போலக் காசு கொடுத்து விளையாட்டுக்குள் வாங்கிவிட முடியாது. எவரேனும் ஒருவர் உள்ளம் உருகி ஏற்ற வேண்டும்.

ஐம்பத்து நான்கு வயதில், தமிழாசிரியராக இருந்த தனியார் பள்ளி மூடப்பட்டபின், வேலை தேடி அந்த மாடிப்படி ஏறிய முதல் நாளில், மேலாளர் மதிவாணன் அவருக்கு இதை விளக்கினான். அவனுக்கு முப்பது வயதிருக்கும். சட்டையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, மேசை விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்து பேசுபவன்.

“விளக்கை யாரு வேணா ஏத்தலாம் ஐயா. எவ்வளவு நேரம் எரியுதுங்கறதுதான் விஷயம். ஏத்துறவங்க மனசு அந்த நொடியில எந்த அளவுக்கு ஒண்ணுல போய் நிக்குதோ, அந்த அளவுக்கு எண்ணெய். விளையாடுறவன் தானே ஏத்துனா பத்து நிமிஷம் எரியும். அவன் மனசு பாதி போன்ல, பாதி பரோட்டாவுல.”

“மனசு நின்னுச்சா நிக்கலையான்னு மிஷினுக்கு எப்படித் தம்பி தெரியும்?”

மதிவாணன் சாம்பல் நிற மோதிரம் ஒன்றை அவர் முன் வைத்தான். “இது சொல்லிரும். நாடி, வியர்வை, நரம்போட நடுக்கம், எல்லாத்தையும் சேத்துப் படிக்கும். நடிப்பு இதுகிட்டச் செல்லாது. நாடகக்காரர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து பாத்தோம். பாத்துக்கிட்டிருந்த எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிருச்சு, விளக்கு மட்டும் நாலு நிமிஷத்துல அணைஞ்சு போச்சு.”

“சாமியை நினைச்சு உருகறதுக்கும் வேற ஒண்ணை நினைச்சு உருகறதுக்கும்…”

“அந்த வித்தியாசம் அதுக்குத் தெரியாது. எங்களுக்கும் வேணாம். உருகணும். உருகி உச்சத்துக்குப் போற நேரம், கட்டைவிரலால மோதிரத்தை ஒரு அழுத்து. அந்த நொடியைப் பிடிச்சு விளக்காக்கிரும். வெளிநாட்டுல வாங்கறதுக்கு ஆளு இருக்கு. அசல் பணம் கொடுப்பாங்க, உங்க பங்கு அன்னன்னைக்கே வந்துரும்.” பிறகு ஒன்றை மறந்தவன்போலச் சொன்னான்: “ஒரு விதி மட்டும் இருக்குங்க ஐயா. ஒரே உருக்கத்தை ரெண்டு தடவை விக்க முடியாது. காப்பி அடிச்சு ஆயிரம் பேருக்கு வித்தா சந்தை படுத்துரும் இல்லையா. புதுசா இருந்தா மோதிரம் ஒரு தடவை அதிரும், ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். முன்னமே வித்த உருக்கம்னா ரெண்டு தடவை.”

மோதிர விரலில் அணிவதால் அங்கே வேலை செய்தவர்கள் அதைப் பவித்திரம் என்று அழைத்தார்கள். சடங்குகளில் அணியும் தர்ப்பை மோதிரத்தின் பெயர் அது. முதலில் யார் கேலியாகச் சொன்னார்களோ தெரியாது. அம்பலவாணருக்கு அதில் கேலி தோன்றவில்லை. சிறுவயதில் ஓதுவார் பாடசாலையில் எட்டு ஆண்டுகள் பண்ணோடு பதிகங்கள் கற்றவர் அவர். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அந்த ஊர்ப் பதிகம் அவர் நெஞ்சில் எழுந்து நிற்கும். முதல் நாள் திருவீழிமிழலையை நினைத்து ஓதினார். தொண்டை இளகிற்று, கண் நிறைந்தது, கட்டைவிரல் அழுந்திற்று. மோதிரம் ஒருமுறை அதிர்ந்தது. அந்த விளக்கு பதினொரு நாள் எரிந்தது. மாடியே எழுந்து நின்று கை தட்டியது.

“பதினோரு நாளா!” என்று மங்களம் அன்று மாலை வியந்தாள். அவர் மனைவி மங்களாம்பிகைக்கு ஊரில் மங்களம் என்றே பெயர். இருபத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. “அப்ப உங்க தமிழை வாங்க கடைசியில ஆளு வந்தாச்சு. நான்தான் இத்தனை வருஷமா இலவசமா கேட்டுக்கிட்டிருந்தேன்.” அதன்பின் நாள்தோறும் அவர் செருப்பைக் கழற்றும்போதே ஒரே கேள்விதான்: “இன்னைக்கு எந்த ஊரு சாமி வித்துச்சு?”

அந்த ‘வித்துச்சு’ அவரைச் சுருக்கென்று தைக்கும். அவளிடம் குற்றமில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவே. “திருப்புகலூர்” என்றோ “திருநாகேசுவரம்” என்றோ தணிந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போவார்.

ஒருநாள் அவள் கேட்டாள்: “ஏங்க, என்னை வச்சு ஒரு விளக்கு ஏத்தக் கூடாதா? சாமிதான் ஊருக்கு ஊரு இருக்காரு. நான் ஒருத்திதானே?”

“சாமி விளக்குல மனுஷரைக் கலக்கக் கூடாது மங்களம்.”

“அதானே, நான் உருக வைக்கிற ஆளா? உங்களைத் திட்டிச் சட்டைப் பொத்தானைச் சரி பண்ற ஆளு” என்று சிரித்து, அன்றும் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்த அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாக மாட்டினாள். சட்டை போடும்போதும் பதிகம் முணுமுணுப்பவர் அவர். விரல் ஒரு பக்கமும் மனம் ஒரு பக்கமுமாகப் பொத்தான்கள் தவறாமல் இடம் மாறிவிடும். வீட்டு வாசலைத் தாண்டுமுன் அவளது கண்ணுக்கு அது தப்பியதே இல்லை.

ஒன்றரை ஆண்டில் ஊர்கள் தீர்ந்தன.

ஒரு பதிகத்தை விற்றபின் அதை மறுபடி ஓதினால் மோதிரம் இருமுறை அதிரும். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறொன்று. ஒரு தைப்பூச நாளில் திருவிடைமருதூர் சந்நிதியில், தீபம் காட்டும் நேரத்தில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றார் அம்பலவாணர். உதடு பதிகத்தைச் சொல்லிற்று. நெஞ்சு அசையவில்லை. எல்லோரும் கைகூப்பி நிற்க, அவருடைய கட்டைவிரல் மட்டும் தானாக மடங்கி மோதிர விரலைத் தேடிப் போயிற்று. இறைவன் திருமுன்னே நின்றுகொண்டு, இது விற்குமா என்று தம் விரல் கேட்டதை அவர் கண்டார். குனிந்த தலை நிமிராமல் பிராகாரத்தைச் சுற்றாமலே வெளியே வந்தார். அன்று அவர் பூசிய திருநீறு நெற்றியில் காரமாக எரிந்தது.

மாடியில் எல்லோருக்கும் அதே வறட்சி. அடுத்த இருக்கை செயசீலியினுடையது. நாற்பது வயது, வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் நடந்து போகிறவள், வாய்த் துடுக்கு அதிகம். ஒருநாள் பகல் தேநீர் வேளையில் அவள் சொன்னாள்:

“எனக்கு மாதா தீந்து நாலு மாசம் ஆச்சு அண்ணே. பிறகு எங்கப்பா செத்தது, என் புள்ளை பொறந்தது, எல்லாம் போச்சு. போன வாரம் என் மாமியாரை மன்னிச்சேன்.”

“நெசமாவா?”

“நெசமா மன்னிச்சாத்தானே எரியும்! ஒன்பது நாள் எரிஞ்சுது. இப்ப மறுபடி அவங்களோட சண்டை போட்டு, மறுபடி மன்னிக்கலாம்னு பாக்கறேன். ரெண்டு தடவை அதிருமோன்னுதான் பயம்.”

அம்பலவாணர் சிரித்தார். அவள் தேநீரை ஆற்றியபடி குரலைத் தாழ்த்தினாள். “நடந்ததெல்லாம் தீந்தா நடக்கப்போறதை நினைக்கணும் அண்ணே. மேலத் தெரு ஃபாத்திமா அப்படித்தான் பண்றா. பயமும் உருக்கந்தானாம் இந்த மோதிரத்துக்கு. அவ என்னத்தை நினைச்சாளோ, அன்னைக்கு ஏத்துன விளக்கு மூணு மாசம் எரிஞ்சுது. அவ மட்டும் ஒரு வாரம் வேலைக்கு வரலை.”

அந்தப் பேச்சு அப்போதைக்கு அவருள் தங்கவில்லை. தங்கியது பங்குனியில், மங்களத்திற்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்குமுன் நின்றாள்; பேச்சின் நடுவில் நின்றாள். தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர், இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். அரசுக் காப்பீட்டு அட்டை பாதிச் செலவுக்குக் கை கொடுத்தது. மறுபாதிக்கு வழியில்லை.

“நான் என்ன ஓடப் போறேனா, ஆடப் போறேனா? இப்படியே இருந்துட்டுப் போறேன்” என்றாள் மங்களம். வீட்டு வாசற்படி ஏறாமல் கீழேயே நின்று அதைச் சொன்னாள்.

அந்த வாரமே மதிவாணன் அவரைத் தனியே அழைத்தான். “ஐயா, பெரிய வாடிக்கை, வெளிநாட்டுல ஒரு அம்மா. விளையாட்டுல கார்த்திகைத் திருவிழா வருது. அவங்க கோயில் முதலிடத்துல இருக்கு, அதைத் தக்கவைக்க ஒரு நந்தா விளக்கு வேணுமாம். ஒரு வருஷத்துக்கு மேல எரியும்னு மோதிரம் கணிச்சாத்தான் அந்தப் பேரு. நம்ம மாடியில இதுவரை யாரும் ஏத்துனதில்ல. ஏத்துனா, உங்க வீட்டம்மாவோட ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க.”

“என்கிட்ட ஊரு ஒண்ணும் மிச்சமில்லையே தம்பி.”

“ஊரா இருக்கணும்னு யாரு சொன்னா?” என்றான் மதிவாணன். கனிவாகத்தான் சொன்னான்.

மறுநாள் பிற்பகல், சாப்பாட்டுக்குப் பிந்திய வேலைமுறையில், அம்பலவாணர் தம் இருக்கையில் கண்ணை மூடினார். கீழே கடையில் பித்தளைக் குடங்களை எண்ணி அடுக்கும் ஓசை கேட்டது. நினைக்க மாட்டேன், நினைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நினைத்தார். முதலில் காலைப் பொழுது ஒன்று வந்தது. காப்பி மணமில்லாத காலை. பிறகு கூடம். மங்களம் கிடத்தப்பட்டிருக்கிறாள். அரக்கு நிறக் கூறைப்புடவை. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணி. தலைமாட்டில் விளக்கு. அதுவரைக்கும் உள்ளம் அஞ்சிற்றேயன்றி உருகவில்லை. நூறு வீடுகளில் கண்ட காட்சிதானே இது, யார் வீடானால் என்ன என்பதுபோல் விலகி நின்றது. அதன்பின் அவர் தம்மையே அந்தக் கூடத்தில் கண்டார். யாரோ கொடுத்த சட்டையை அவசரமாகப் போட்டுக்கொண்டு வந்து அவள் அருகே நிற்கிறார். பொத்தான் ஒரு துளை தள்ளி மாட்டியிருக்கிறது. குனிந்து நிற்கிறார், அவள் முகத்துக்கு நேராக. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவருள் எங்கேயோ போய் விழுந்தது. அடி காணாத கிணற்றில் கல் விழுந்ததுபோல் அது போய்க்கொண்டே இருந்தது. வாயிலிருந்து பதிகமல்லாத ஓர் ஓசை வந்தது. கட்டைவிரல் அழுந்திற்று.

மோதிரம் ஒருமுறை அதிர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது மாடி முழுவதும் அவரைச் சுற்றி நின்றது. திரையில் ஒரு சுடர், அசைவே இல்லாமல், பொன்னில் வார்த்ததுபோல் நின்றது. கணிப்பு மூன்று ஆண்டுக்குமேல் என்று காட்டிற்று. மதிவாணன் அவர் காலைத் தொடக் குனிந்தான். அம்பலவாணர் கால்களை இழுத்துக்கொண்டு, எவரையும் பாராமல், குழாயடிக்குப் போனார்.

வீட்டில் மங்களம் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உயிரோடு ஒரு கையில் காம்பும் மறுகையில் இலையுமாக அவள் இருந்தது அவரைத் திடுக்கிடச் செய்தது. மதிவாணன் தொலைபேசியில் முன்னமே செய்தி சொல்லியிருந்தான்.

“நந்தா விளக்காமே! எந்த ஊரு சாமி அது, இத்தனை நாள் என்கிட்டகூடச் சொல்லாம ஒளிச்சு வச்சிருந்தது?”

“திருவையாறு” என்றார் அம்பலவாணர். வாயில் முதலில் வந்த பெயர். அந்த ஊரை விற்று ஓராண்டு ஆகியிருந்தது, அவள் மறந்திருந்தாள்.

மறுநாளே மங்களம் பேருந்து ஏறி, மூச்சு வாங்க வாங்கத் திருவையாற்றுக்குப் போய், ஐயாறப்பருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். தேங்காய் மூடியும் திருநீறும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். “உங்க சாமி என்னைக் காப்பாத்திட்டாரு” என்றாள். அவர் அந்தத் திருநீற்றைப் பூசவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்; சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்தார்.

அறுவைச் சிகிச்சை வைகாசியில் நடந்தது. விடிந்ததும் அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். துணைக்குச் செயசீலி வந்திருந்தாள். பகல் பதினொரு மணிக்கு இளம் மருத்துவர் ஒருவர் பச்சை உடையில் வெளியே வந்தார்.

“வால்வு மாத்தியாச்சு. ஆனா இதயம் மறுபடி அடிக்க ஆரம்பிக்கறதுல கொஞ்சம் சிரமம் இருக்கு. முயற்சி பண்ணிட்டிருக்கோம்.”

“சிரமம்னா?”

“பிரார்த்தனை பண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டு அவர் கதவுக்குள் மறைந்தார்.

அம்பலவாணர் நாற்காலியில் அமர்ந்தார். பிரார்த்திக்க வேண்டும். எந்தப் பதிகத்தைத் தொட்டாலும் அது விலை போன பாத்திரமாக ஒலித்தது. இருநூறுக்குமேல் ஊர்கள் இருந்தன அவரிடம். அந்த நேரத்தில் வாய் திறக்க ஓர் ஊர் இல்லை. தலை கவிழ்ந்தது. கவிழ்ந்த கண்ணில் சொந்தச் சட்டை பட்டது. காலையில் அவளை உள்ளே அழைத்துச் சென்ற பின் போட்டது. பொத்தான்கள் ஒரு துளை தள்ளி நின்றன. காலையிலிருந்து யாரும் சொல்லவில்லை.

துயரம் அப்போது வந்தது. மெய்யான துயரம், கதவுக்கு அப்பால் உடல் கிடக்க, இப்பால் நின்று படும் துயரம். முதுகு குலுங்கிற்று. அவர் அறியாமலே கட்டைவிரல் மடங்கி அழுந்திற்று.

மோதிரம் அதிர்ந்தது. ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை.

பையிலிருந்து எடுத்த தொலைபேசியின் திரையில் ஒரு வரி நின்றது: ‘இந்த உருக்கம் முன்னரே பெறப்பட்டுள்ளது. ஏற்க இயலாது.’

அழுகை நின்றுவிட்டது. மனைவி உயிருக்குப் போராடும் வாசலில், தாம் அழுவது தம்முடைய பழைய அழுகையின் நகல் என்று ஒரு மோதிரம் சொல்லக் கேட்டவர் என்ன செய்ய முடியும்? அதை மறுக்கவும் அவருக்கு வழியில்லை. கண்ணுக்குள் வந்த அதே கூடம், அதே தள்ளிப்போன பொத்தான், அதே மௌனம். ஓர் எழுத்து மாறவில்லை.

பக்கத்தில் இருந்த செயசீலி இரண்டு அதிர்வையும் கேட்டாள். அவளுக்கு விளக்கம் தேவையில்லை. “அண்ணே, அந்த நந்தா விளக்கு…” என்றாள். “திருவையாறு இல்லையா?”

அவர் விரலிலிருந்த மோதிரத்தையே பார்த்தார்.

“நான் அன்னைக்குச் சொன்னதைக் கேட்டா பண்ணீங்க?” அவள் குரல் உடைந்தது. “நான் டீ குடிச்சுக்கிட்டு ஏதோ வாயி அடங்காம சொன்னேன் அண்ணே.”

“உன் மேல ஒண்ணும் இல்லம்மா. அந்தக் காசுலதான் அவ உள்ள படுத்திருக்கா. அது இல்லன்னா இந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டோம்.” தமக்கே சொல்வதுபோல் மேலும் சொன்னார்: “அதனாலதான் வேண்டாம்னும் சொல்ல முடியல. சரின்னும் சொல்ல முடியல.”

மோதிரத்தை இழுத்தார். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கழற்றாதது. மூட்டில் தோல் உரிந்து வந்தது. திருவையாற்றுத் திருநீறு இருந்த அதே பையில் அதைப் போட்டார். போட்ட பின்புதான் எதனோடு எதைச் சேர்த்தோம் என்று உணர்ந்தார்; எடுக்கக் கை வரவில்லை.

பன்னிரண்டரைக்கு இதயம் அடிக்கத் தொடங்கியது.

நான்காம் நாள் பிற்பகல் மங்களத்தைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. துணையாள் என்பதால் அவரை விட்டார்கள். சன்னலோரக் கட்டில். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண் மட்டும் பழைய கண்ணாக அவள் படுத்திருந்தாள். அவர் அருகே போய்க் குனிந்தார்.

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“நாலு நாளா இப்படித்தான் திரிஞ்சீங்களா? பொத்தான் மாறிப் போட்டிருக்கு.”

கிணற்றில் விழுந்து போய்க்கொண்டே இருந்த அந்தக் கல் அப்போதுதான் நீரைத் தொட்டது. இதற்கு முன் எந்தச் சந்நிதியிலும், எந்தப் பண்ணிலும், எந்தத் தனிமையிலும் எழாத ஒன்று நெஞ்சில் எழுந்து கண்ணை மறைத்தது. கட்டைவிரல் மடங்கி, வெறும் விரலில், தோல் உரிந்த இடத்தில் அழுந்திற்று. எரிந்தது.

மங்களம் அதைப் பார்த்துவிட்டாள். அந்த விரலசைவை அவள் அறிவாள். வீட்டில் எத்தனை நாள் செய்து காட்டியிருக்கிறார்.

“விளக்கா?” அவள் முகம் மலர்ந்தது. “என்னை வச்சா?”

அவர் தலையசைத்தார்.

“மோதிரத்தைக் காணோமே?”

“பையில இருக்கு.”

“ஐயோ, வீணாப் போச்சே! எடுத்து மாட்டுங்க. மறுபடி ஒரு தடவை சொல்றேன் பொத்தானை. நல்ல விலைக்குப் போகுமே.” மூச்சு விட்டு விட்டுச் சிரித்தாள். “முப்பது வருஷம் கழிச்சு முதல் முதலா என்னை நினைச்சு ஒரு விளக்கு வந்திருக்கு. அதைப் போய்…”

அதற்கும் தலையசைத்துவிட்டிருக்கலாம். அவளும் தூங்கியிருப்பாள். ஆனால் மோதிரமும் திருநீறும் ஒன்றாகக் கிடந்த பை நெஞ்சில் உறுத்திற்று.

“முதல் விளக்கு இல்ல மங்களம்.”

“பின்ன?”

“கார்த்திகைக்குன்னு ஏத்துனேனே. அது.”

“அது திருவையாறு இல்ல? நான் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேனே…” அவள் சொல்லிக்கொண்டே நின்றாள். இந்த முறை மூச்சுக்காக நிற்கவில்லை. விரைவாக விளங்கிக்கொள்ளும் பெண் அவள். மூன்றாண்டு எரியும் அளவுக்கு ஒரு மனிதர் மனைவியை எப்படி நினைத்திருக்க முடியும் என்று அவள் தேடியதும், கண்டதும், அந்த முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“என்ன புடவை கட்டியிருந்தேன்?”

“கூறைப்புடவை. அரக்கு.”

“அது முந்தி கிழிஞ்சு, பாத்திரக்காரன்கிட்டப் போட்டு நாலு வருஷம் ஆச்சு.” கோபம் அதில் இல்லை. தகவல் சொன்னாள். “இன்னும் எரியுதா அந்த விளக்கு?”

“எரியுது.”

“அணைக்க முடியாதா?”

“நம்மளது இல்ல மங்களம். வித்தாச்சு.”

“அப்ப சரி” என்றாள்.

வாசலில் செவிலியர் மணியடித்தார். பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள்; பக்கத்துக் கட்டிலுக்குப் பழங்களோடு ஒரு குடும்பம் வந்தது. ஆள் வருகிற இடத்தில் இப்படி நிற்கக் கூடாது என்ற நினைவு அவருக்கு வந்தது. தலை குனிந்து, எல்லாப் பொத்தான்களையும் கழற்றி, மேலிருந்து ஒவ்வொன்றாக மாட்டினார். கண் கலங்கியிருந்ததால் துளைகள் சரியாகத் தெரியவில்லை. கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது அதற்குத் துளை மிஞ்சவில்லை.

அவர் நிமிர்ந்தார். மங்களம் விழித்திருந்தாள். கண்கள் அவர் சட்டையின் மேல்தான் இருந்தன. சட்டையின் ஓரம் ஏறி இறங்கி நின்றதை அவள் நன்றாகப் பார்த்தாள்.

அம்பலவாணர் குனிந்து காத்துக்கொண்டு நின்றார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.